யார் சமாளிப்பது?

அன்புள்ள அக்கா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் உங்கள் பதிவுகளை வாசிப்பது வழக்கம். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஒரு சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டும். பத்தாவது படிக்கும் என் மகள், பள்ளியில் எழுதிய கட்டுரையில் "என் பாட்டி எல்லாக் கஷ்டங்களையும் சமாளித்தார்" என்று எழுதியிருந்தாள். தமிழாசிரியர் அந்தச் சொல்லைச் சுழித்து 'எதிர்கொண்டார்' என்று திருத்திவிட்டார். சமாளிப்பது தமிழ்ச் சொல்லே இல்லையாம். அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கே போனாலும் என் காதில் விழுகிறது.

எங்கள் அம்மா எதற்கெடுத்தாலும் "சமாளிச்சுக்கலாம் வுடு கண்ணு" என்பார். அப்பா போன பிறகு எங்கள் மூன்று பேரையும் அவர் வளர்த்தது அந்த ஒரு சொல்லை வைத்துத்தான். அதைக் கேட்டாலே தெம்பாக இருக்கும். கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருங்கும்போது மேனேஜர், "ஆள் வரலைன்னா என்னம்மா, எப்படியாவது சமாளிங்க" என்பார். அதே சொல்தான், கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. ராத்திரி வீட்டுக்குப் போனால், ஏன் லேட் என்று கேட்கும் மகளிடம் நான் ஏதாவது சொல்வேன். அவள் "அம்மா, சும்மா சமாளிக்காதே" என்பாள். இந்த மூன்றும் ஒரே சொல்தானா? இது நல்ல சொல்லா, கெட்ட சொல்லா?

அன்புடன்,
க., திருப்பூர்

*

அன்புள்ள க.,

முதலில் மகளின் கட்டுரையைப் பார்த்துவிடலாம். ஆசிரியர் சொன்னதில் பாதி சரி. 'சமாளி' பழைய தமிழ்ச் சொல் அல்ல. சங்கப் பாட்டிலும் குறளிலும் தேடினால் கிடைக்காது. மராத்தியில் 'சாம்பாளணே', இந்தியில் 'சம்பால்னா', கன்னடத்தில் 'சம்பாளிசு' என்று அக்கம்பக்கத்து மொழிகளில் இதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வேர் வடமொழி. 'சம்' என்றால் சேர்ந்து, ஒன்றாக. அதற்கு அடுத்த பாதி, நாம் 'பாரம்' என்கிறோமே, அந்தச் சொல் பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. சேர்த்துத் தாங்குவது, ஒன்றாகச் சுமப்பது என்பதுதான் அடியில் கிடக்கும் பொருள். மராத்தி வீடுகளில் வெளியே கிளம்பும் பிள்ளையிடம் 'சாம்பாளூன் ஜா' என்பார்கள். நாம் 'பார்த்துப் போ' என்கிறோமே, அதுதான். வயதான அப்பா அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்வதற்கும் அங்கே இதே சொல்தான். காப்பது, பேணுவது, கீழே விழாமல் பிடித்துக்கொள்வது. தமிழிலும் அந்த வாடை இன்னும் போகவில்லை. கால் தடுக்கி விழப்போனவர் சட்டென்று நின்றுவிட்டால் 'சமாளித்துக்கொண்டார்' என்றுதானே சொல்கிறோம்?

வெளியிலிருந்து வந்தது என்பதற்காக இந்தச் சொல்லைத் தள்ளி வைத்தால் வீட்டில் பாதிச் சாமானை வெளியே போட வேண்டியிருக்கும். சாவியும் ஜன்னலும் போர்ச்சுக்கீசியரோடு வந்தவை. வக்கீல், வசூல், பாக்கி எல்லாம் அரபியில் பிறந்தவை. இவை இல்லாமல் ஒரு நாள் பேச முடியுமா?

ஆசிரியர் எழுதிய 'எதிர்கொண்டார்' அழகான சொல். வாசலுக்குப் போய் விருந்தினரை அழைத்து வருவதைக்கூட எதிர்கொள்வது என்பார்கள். ஆனால் உங்கள் மகள் சொல்ல வந்தது அது இல்லை. கஷ்டம் வாசலில் வந்து நிற்கிற அன்று அதை நேருக்கு நேர் பார்ப்பது எதிர்கொள்வது. அது ஒரு நாள் காரியம். மறுநாள் காலையில் பால் பாக்கெட்டுக்குக் காசு வேண்டும், அடுத்த வாரம் பள்ளியில் பணம் கட்ட வேண்டும், அதற்கடுத்த மாதம் ஒரு சீர் வரும். இப்படி வருஷக்கணக்காக நடந்ததை எதிர்கொண்டார் என்று எழுதினால் பாட்டியின் வாழ்க்கையில் பெரும்பகுதி விடுபட்டுப் போகும். தமிழில் இதற்குப் பக்கத்துச் சொற்கள் நிறைய உண்டு. தாக்குப்பிடிப்பதில் வெறும் உடம்புப் பலம்தான் தெரிகிறது. காலந்தள்ளுவதில் சலிப்பு இருக்கிறது. ஒப்பேற்றுவது என்றால் ஏதோ குறை வைத்துத்தான் முடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சமாளிப்பதில் மட்டும்தான் புத்தியும் கைவேலையும் பொறுமையும் சேர்ந்து இருக்கின்றன. மகள் எழுதியதே சரியான சொல்.

சரி, உங்கள் மூன்று 'சமாளிப்பு'களுக்கு வருகிறேன். மூன்றும் ஒரே சொல்தான். எதைச் சமாளிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். செலவைச் சமாளிப்பது, சித்திரை வெயிலைச் சமாளிப்பது, தீபாவளிக் கூட்டத்தைச் சமாளிப்பது என்று நிலைமையைச் சமாளிக்கும்போது அதில் மரியாதை இருக்கிறது. ஆளைச் சமாளிப்பது என்று வந்துவிட்டால் கொஞ்சம் மறைப்பும் ஒட்டிக்கொள்ளும். "வட்டிக்காரர் வந்தார், ஏதோ சொல்லிச் சமாளிச்சு அனுப்பிட்டேன்" என்றால் அந்த 'ஏதோ' உண்மையாக இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். இன்னதை என்றே சொல்லாமல் 'சும்மா சமாளிக்காதே' என்றால் அது முழு மழுப்பல். இளைஞர்கள் இதற்கு 'சமாளிபிகேஷன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு விலக்கு, குழந்தையைச் சமாளிப்பது. "மூணு பிள்ளைகளையும் ஒருத்தியா சமாளிக்கிறா" என்னும்போது அதில் பொய் ஏதும் இல்லை. மராத்தியில் இருக்கும் அந்தப் பேணுகிற பொருள் அங்கே அப்படியே நிற்கிறது.

மகளிடம் 'ஏதாவது சொல்வேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஏதாவது'வைத்தான் அவள் பிடித்துக்கொள்கிறாள். அடுத்த தடவை, "பாதி ஆள் வரலை, நானே டேபிள்ல உக்காந்து பீஸ் பார்த்தேன்" என்று நடந்ததைச் சொல்லிப் பாருங்கள். பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு அது நன்றாகவே புரியும்.

இனி உங்கள் அம்மா. "எங்களை வளர்த்தது அந்த ஒரு சொல்லை வைத்துத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் வெறும் சொல்லை வைத்து மூன்று பிள்ளைகளை வளர்க்க முடியாது. எதை வைத்து வளர்த்தார் என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா?

இந்தக் கேள்வி எனக்கு ஒரு பழைய பாட்டிலிருந்து வந்தது. பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர், புறநானூற்றில் இருக்கிறார். அவர் பாட்டுகளில் இந்தச் சொல் இல்லை, காரியம் முழுக்க இருக்கிறது. 160-வது பாட்டில் அவர் வீட்டில் சாப்பிட எதுவும் இல்லை. பிள்ளை பாலற்ற மார்பைச் சுவைத்துப் பார்க்கிறான். கூழோ சோறோ இருக்குமா என்று பானைகளைத் திறந்து பார்க்கிறான். எல்லாம் வெறும் பானை. அழுகிறான். அம்மா புலியைச் சொல்லி மிரட்டிப் பார்க்கிறாள். நிலாவைக் காட்டிப் பார்க்கிறாள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், "அப்பா மேல கோபம் வந்தா மூஞ்சியை எப்படி வெச்சுக்குவே, காட்டு பார்க்கலாம்" என்கிறாள். பசித்த பிள்ளையை வெறுங்கையோடு சமாளிப்பதை இவ்வளவு கிட்டத்தில் போய் வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை.

அதே புலவர் முதிரமலைத் தலைவன் குமணனிடம் பரிசில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பி மனைவியிடம் பேசுகிறார், 163-வது பாட்டில். உன்னை விரும்பி வாழ்பவர்களுக்குக் கொடு, நீ விரும்பும் ஆட்களுக்குக் கொடு, உன் சுற்றத்துக்குக் கொடு என்று சொல்லிக்கொண்டே வருபவர், நம் குடும்பத்தின் கடும்பசி தீர 'நெடுங்குறியெதிர்ப்பை' தந்தவர்களுக்கும் கொடு என்கிறார். குறியெதிர்ப்பை என்பது ஒரு படி அரிசி வாங்கினால் பிறகு ஒரு படி அரிசியாகவே திருப்பித் தருகிற கைமாற்று. அதிலும் 'நெடும்' என்கிறார். இன்று வாங்கி நாளை கொடுத்ததில்லை, நாள்பட்டு நின்ற பாக்கி. அந்த ஒரு சொல்லில் அந்த வீட்டின் முழுக் கணக்கும் வெளியே வந்துவிடுகிறது. நிலாவைக் காட்டிச் சமாளித்தவளுக்குப் பின்னால், திருப்பித் தருவாளா என்று பார்க்காமல் அளந்து கொடுத்த பெண்கள் இருந்திருக்கிறார்கள். கையில் காசு வந்ததும் புலவருக்கு அவர்கள் ஞாபகம் வந்துவிடுகிறது. என்னிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், 'வல்லாங்கு வாழ்தும்', அதாவது கட்டுசெட்டாகப் பிடித்து வைத்து வாழ்ந்துகொள்வோம் என்றும் நினைக்க வேண்டாம், கொடு என்கிறார்.

உங்கள் அம்மாவுக்கும் குறியெதிர்ப்பை தந்தவர்கள் இருப்பார்கள். நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் தந்த மளிகைக் கடைக்காரர், தன் முறைச் சீட்டை விட்டுக்கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, ஒரு வார அட்வான்சுக்கு முகம் சுளிக்காத கணக்குப்பிள்ளை என்று யாராவது. அதோடு அரசாங்கமும் ஒரு கை கொடுத்திருக்கும். 1982-இல் சத்துணவு வந்த பிறகு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் மதியச் சோறு வீட்டுக் கணக்கிலிருந்து கழிந்தது. மூன்று பிள்ளைகள் என்றால் நாளைக்கு மூன்று சாப்பாடு. மீதியைத்தான் அம்மாக்கள் சமாளித்தார்கள். 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்குக் காசு வாங்குவதில்லை. இவற்றை எல்லாம் இலவசம் என்று ஏளனமாகப் பேசுபவர்கள், மாதக் கடைசியில் அரிசி டப்பாவின் அடியைத் தட்டிப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். ஒரு வீட்டின் பாரத்தில் ஒரு பகுதியை ஊர் வாங்கிக்கொள்வது என்றால் இதுதான்.

அம்மாவிடம் கேட்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது, அது இன்றைக்கு உள்ளது. அவர் இப்போது "சமாளிச்சுக்கலாம்" என்றால், எதைக் குறைத்து என்று கேளுங்கள். எனக்கு ஒரு அத்தை இருக்கிறார். சர்க்கரை மாத்திரை காலையிலும் இரவிலும் போட வேண்டும். ஊருக்குப் போயிருந்தபோது மாத்திரை அட்டையைத் தற்செயலாக எடுத்துப் பார்த்தேன். அந்நேரத்துக்குத் தீர்ந்திருக்க வேண்டியதில் பாதி அப்படியே இருந்தது. ராத்திரி மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். கேட்டால், "இது ஒரு வேளைக்கே கேக்குது, சமாளிச்சுக்கறேன்" என்கிறார். காசில்லாமல் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை சும்மாதான் தருகிறார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. அதில் பெயர் பதிய ஒரு காலைப்பொழுது போய் உட்கார வேண்டும். அவர் போனால் பேரப்பிள்ளைகளை யார் பார்ப்பது? மருமகள் வேலைக்குப் போக வேண்டும். அதனால் மாத்திரையைப் பாதியாக்கி நாளை நீட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை. சமாளிக்கிறேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது தங்கள் தூக்கத்தில், அப்புறம் சாப்பாட்டில், அப்புறம் மருந்தில். இந்த வரிசையை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

இதைச் சொல்வதால் சமாளிப்பதில் பெருமை இல்லை என்று ஆகிவிடாது. நிறையவே இருக்கிறது. 1990-களின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. போர்க்காலத்தில் இலங்கை அரசு பொருளாதாரத் தடை போட்டு மண்ணெண்ணெய், பெட்ரோல், பேட்டரி என்று எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தது. ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெயும் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அங்கிருந்து வந்தவர்கள் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வரும், வர வேண்டியதுதான். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் நாம் அந்த விளக்கை மட்டும் வியந்துவிட்டுப் போனால், அந்த மண்ணெண்ணெயை நிறுத்தியது யார் என்பது பேச்சிலேயே வராமல் போய்விடும். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இங்கே உங்கள் மேனேஜரிடம் வருகிறேன். உங்களுக்குப் பற்றிக்கொண்டு வருவது நியாயம்தான். அம்மா "சமாளிச்சுக்கலாம்" என்கிறார். அதில் 'நாம்' இருக்கிறது, அவரும் அந்தப் பாரத்துக்கு ஒரு தோள் கொடுக்கிறார். மேனேஜர் "சமாளிங்க" என்கிறார். அதில் அவர் இல்லை. பாரம் முழுதும் உங்கள் பக்கம் வந்துவிட்டது, அவர் கையை உதறிக்கொண்டு போய்விட்டார். சொல் ஒன்றுதான், முதல் முறை ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறார், இரண்டாம் முறை ஒருவர் விலகிப் போகிறார். உங்கள் காது அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

என் தோழி ஒருத்தி கிராமத்தில் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். இது ஏதோ விதிமீறல் என்று நினைக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டமே தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. இன்னொருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் இவள் ஒருத்திதான். அப்படி ஒரு நாள் நான் அங்கே இருந்தேன். ஒரே கூடம். நான்காம் வகுப்புக்குப் பலகையில் நான்கு கணக்கு எழுதிப் போட்டாள். மூன்றாம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாட்டை எழுதுகிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்து இரண்டு பெண்களைக் கூப்பிட்டு இரண்டாம் வகுப்புக்குக் கதை வாசிக்கச் சொன்னாள். மிச்ச ஐந்தாம் வகுப்பு வரைபடத்தில் ஆறுகளுக்கு நீலம் தீட்டுகிறது. ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அழுதுகொண்டே இருந்தான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு சாக்பீசைக் கொடுத்து, தரையில் தன் செருப்பைச் சுற்றிக் கோடு போடச் சொன்னாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டுக் கோடு போட ஆரம்பித்தான். ஒரு கண் கணக்கு நோட்டில், ஒரு கண் வாசலில், நடுவில் சத்துணவுக்கு எத்தனை பேர் என்று கணக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். எனக்கு வாய் அடைத்துப் போய்விட்டது.

பார்க்க வந்த அதிகாரியும் அதையேதான் பார்த்தார். மனதாரப் பாராட்டினார். இவள், "சார், இன்னொரு டீச்சர் வேணும், இவங்களுக்கு வாசிப்பு நிக்க மாட்டேங்குது" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்கதான் அருமையா சமாளிக்கிறீங்களே டீச்சர்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தப் பாராட்டோடு கோரிக்கை முடிந்துபோனது. திறமையாகச் சமாளிப்பவருக்கு உதவி வராது, ஏனென்றால் குறை கண்ணில் படுவதே இல்லை. அவள் அன்று கொஞ்சம் தடுமாறியிருந்தால், இரண்டு வகுப்பு சும்மா உட்கார்ந்து இரைந்திருந்தால், ஒருவேளை ஆள் வந்திருக்கும். பிள்ளைகளை அப்படி விட அவளுக்கு மனசு வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மனசை நம்பித்தான் 'சமாளிங்க' என்ற சொல் மேலிருந்து கீழே வருகிறது.

உங்கள் ஊர்த் தொழிலில் இது இன்னும் கண்கூடு. வெளிநாட்டில் பையர் தேதியைச் சொல்லிவிடுகிறார். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், பெரும்பாலும் அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில். அவர் மேனேஜரிடம் சமாளியுங்கள் என்கிறார். மேனேஜர் உங்களிடம். நீங்கள் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களிடமும் பிசிறு வெட்டுபவர்களிடமும் ஒன்றரை ஷிஃப்ட் இருக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு, "அத்தை, இன்னைக்கும் லேட்டாகும், பாப்பாவைப் பார்த்துக்குங்க" என்கிறார்கள். அத்தை, "சரி சாமி, நான் பார்த்துக்கறேன்" என்கிறார். அந்தப் பாட்டிக்குக் கீழே தள்ளிவிட ஆள் இல்லை. சம்பளம் இல்லாத அவர் மடியில் வந்து இறங்குகிறது, எங்கோ ஒரு நாட்டில் கடை திறக்கும் தேதி. என் அத்தையின் ராத்திரி மாத்திரையை நான் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாகத்தான் பார்க்கிறேன்.

இத்தனைக்கும் இந்தப் பாரத்தை யார் எவ்வளவு சுமக்க வேண்டும் என்று எப்போதோ எழுதி வைத்தார்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டம் நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு போட்டது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்றது. ஐம்பது பெண்களுக்கு மேல், 1976 திருத்தத்துக்குப் பிறகு முப்பது பெண்களுக்கு மேல், வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்கச் சொன்னது. அதை எழுதியவர்கள், தாய்மார்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடவில்லை, முதலாளியின் பொறுப்பு என்று எழுதினார்கள். 'எப்படியாவது சமாளிங்க' என்ற ஒரு வரி அந்தப் பொறுப்பை எடுத்து உங்கள் திறமையாக மாற்றிவிடுகிறது. அப்புறம் முடியாமல் போனால் அதுவும் உங்கள் குறையாகிவிடும்.

ஆகவே இது நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்று கேட்டால், தன் பாரத்தைப் பற்றி ஒருவர் சொல்லும்போது நல்ல சொல், கூடச் சுமக்கிறேன் என்று வருபவர் சொன்னால் இன்னும் நல்ல சொல். சுமக்க வேண்டியவர் அதை அடுத்தவரிடம் சொன்னால் எனக்கு அதைவிடக் கெட்ட சொல் தெரியாது. நீங்களும் மேலே ஒருவருக்கும் கீழே பத்துப் பேருக்கும் நடுவில் நிற்பவர். உங்கள் டேபிளில் இருக்கும் பெண்களிடம் நீங்கள் எந்தச் சமாளிப்பைச் சொல்கிறீர்கள் என்றும் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்களே உட்கார்ந்து பீஸ் பார்க்கிற ஆள்தான் என்று தோன்றுகிறது, அதனால் எனக்குப் பெரிய கவலை இல்லை.

மேனேஜருக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முடியாது என்று சண்டை போட வேண்டியதில்லை. கணக்கு கேளுங்கள். "சரிங்க சார். இன்னைக்கு எத்தனை பீஸ், எத்தனை ஆள், எத்தனை மணி வரைக்கும்னு சொல்லிடுங்க" என்று அவர் வாயாலேயே எண்ணைச் சொல்ல வையுங்கள். ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதி வையுங்கள்: வர வேண்டியவர்கள் இத்தனை, வந்தவர்கள் இத்தனை, நின்ற நேரம் இவ்வளவு, ஓவர்டைம் போட்டார்களா இல்லையா. அடுத்த ஷிப்மெண்டுக்கு முன்னால் ஆள் கேட்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போக வேண்டாம், பக்கத்து லைன் சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரிடமும் இதே மாதிரி ஒரு நோட்டு இருந்தால் நல்லது, இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

அன்புடன்.